மெய் அவற்குக் காட்டல்: கேரள எல்லையோரத் தமிழ் மறைநூல் மரபில் வினாவின் வகைகளும் பயன்களும்

வினா இல்லாத மறைநூல் உலகில் இல்லை எனலாம். கடோபநிடதம் நசிகேதன் எமனிடம் தொடுத்த வினாவைச் சுற்றி வளர்ந்தது. கீதை கண்ணிழந்த அரசன் ஒருவனது வினாவில் தொடங்குகிறது. விவிலியத்தின் ஆதியாகமத்தில் இறைவன் மனிதனை நோக்கி முதன்முதலாகக் கேட்பது, அவன் எங்கே இருக்கிறான் என்பதாகும். திருக்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயத்தில் இறையருளை மறுக்க இயலுமா என்னும் பொருள்பட்ட ஒரே வினா 31 முறை திரும்பத் திரும்ப வருகிறது. தமிழிலோ, வினாவையே வடிவமாகக் கொண்ட சமய நூல்கள் உள. மாணிக்கவாசகரின் திருச்சாழல் மகளிர் விளையாட்டின் வினா விடைப் போக்கில் அமைந்தது. மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்றாகிய உமாபதி சிவாசாரியாரின் வினாவெண்பா, தம் ஆசிரியர் மறைஞான சம்பந்தரை விளித்து வினவும் 13 வெண்பாக்களால் ஆயது. அதில் விடை கூறப்படவில்லை. வினாவைச் செவ்வனே கேட்டலே விடையின் பெரும்பகுதி என்று அந்நூலாசிரியர் கருதினார் போலும்.

இவ்வளவு பரந்த பொருளை ஒரு கட்டுரையில் அடக்குதல் இயலாது. ஆகவே இங்கு எல்லை ஒன்று வகுத்துக்கொள்ளப்படுகிறது. கேரள மாநிலத்தின் தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டப் பகுதிகளிலும் தமிழ்க் காப்பியம் ஒவ்வொன்று தெய்வ வழிபாட்டோடு பிணைந்து நிற்கிறது. பாலக்காட்டில் அது கம்பராமாயணம், இடுக்கியில் சிலப்பதிகாரம். இவ்விரண்டும் வேதம், ஆகமம் என்னும் பொருளில் மறைநூல்கள் அல்ல என்பது உண்மையே. ஆயினும் ஒரு நூல் தெய்வத்தின் முன்னிலையில் ஆண்டுதோறும் ஓதப்படும்போதும், ஒரு கோயிலின் இருப்புக்கே அடிப்படையாக மக்களால் கொள்ளப்படும்போதும் அது மறைநூலின் இடத்தைப் பெற்றுவிடுகிறது. அந்தப் பொருளிலேயே இச்சொல் இங்கு ஆளப்படுகிறது. இவ்விரு மரபுகளிலும் வினா ஆற்றும் பணி யாது, அப்பணியைத் தமிழிலக்கணம் எவ்வாறு கண்டுள்ளது என்பன ஆராயப்படும்.

இலக்கண நூலார் கண்ட வினா வகைகள்

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் வினாவையும் செப்பையும் இணைத்தே பேசுகிறார். இரண்டும் வழுவின்றி வருதல் வேண்டும் என்பது அவர் கருத்து. வினாவுக்கு எதிராக வரும் வினாவும் விடையாகக் கொள்ளப்படும் என்றும் அவர் அமைதி கூறுகிறார். ஆனால் வினா இத்துணை வகைப்படும் என்று அவர் எண்ணிக்கை கூறவில்லை. அப்பணியைச் செய்தவர்கள் பிற்காலத்தார்.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, சீயகங்கன் வேண்டுகோளின்படி நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் அறிவினா, அறியா வினா, ஐயவினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறு வகை கூறினார். நம் பள்ளிகளில் இன்றளவும் பயிற்றப்படுவது இந்தப் பாகுபாடே. ஆசிரியர் தாம் அறிந்த ஒன்றை மாணவனிடம் கேட்பது அறிவினா. மாணவன் அறியாததைக் கேட்பது அறியா வினா. இருளில் கிடப்பது கயிறோ பாம்போ என்பது ஐயவினா. கடைக்காரரிடம் பருப்பு உளதோ எனக் கேட்பது கொளல் வினா. ஈய விரும்புவோன் ஆடை இல்லையோ எனக் கேட்பது கொடை வினா. ஒரு செயலைச் செய்யத் தூண்டும் கருத்தோடு கேட்பது ஏவல் வினா. வாழ்வியலுக்கு நெருக்கமான, மிக நேர்த்தியான பாகுபாடு இது என்பதில் ஐயமில்லை.

ஆயின் பவணந்தியார் காட்டும் ஆறனுள் எதிலும் அடங்காத வினா ஒன்று உண்டு. ஒருவன் இழைத்த தீங்கை அவனுக்கே காட்டும்பொருட்டுக் கேட்கப்படும் வினா அது. கேட்பவனுக்கு விடை தெரியும். ஆகவே அது அறியா வினா அன்று. மாணவனின் அறிவைச் சோதிப்பதும் அதன் நோக்கம் அன்று. பொருளைக் கொள்ளவோ கொடுக்கவோ ஒரு தொழிலில் ஏவவோ அது எழவில்லை. நீதி கேட்டு எழும் வினா என்று இன்று நாம் அதற்குப் பெயரிடலாம். தொல்காப்பிய உரைமரபில் இதற்கு ஓர் இடம் இருந்தது. அம்மரபில் வினாவை மூன்றாகப் பகுப்பாரும் உளர். ஐந்தாகப் பகுப்பாரும் உளர். ஐந்தெனக் கொள்வோர் அறியான் வினாதல், அறிவு ஒப்புக் காண்டல், ஐயம் அறுத்தல், அவன் அறிவு தான் கோடல், மெய் அவற்குக் காட்டல் என எண்ணுவர்.

இவற்றுள் இறுதியாக நிற்பது நம் நோக்கத்திற்கு இன்றியமையாதது. கேட்கப்படுபவனுக்கு மெய்யைக் காட்டுதலே அவ்வினாவின் பயன் எனப் பழைய உரைமரபு தெளிவாகக் கண்டிருக்கிறது. நன்னூலின் பாகுபாடு எளிமையாலும் நடைமுறைப் பயனாலும் பள்ளிகளில் நிலைபெற்றது. அதனால் ஐந்தாவது வகை மாணவர் நினைவிலிருந்து மறைந்தது. இலக்கண வரலாற்றில் இது ஒரு சிறு இழப்பாகத் தோன்றலாம். காப்பியங்களையும் சமய நூல்களையும் பயில்வோர்க்கு இது சிறு இழப்பன்று.

பாலக்காட்டுக் கூத்துமாடம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடுஞ்சுவரில் அமைந்த பெருவாயில் பாலக்காட்டுக் கணவாய். கொங்கு நாட்டையும் மலையாள நாட்டையும் இணைத்த இவ்வழியே வணிகரும் நெசவாளரும் அந்தணரும் புலவரும் நெடுங்காலமாக வந்து சென்றனர். 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்புக்கு முன் பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அண்டையிலுள்ள சித்தூர் கொச்சி அரசுக்கு உரியது. 1957 சனவரி முதல் நாள் பாலக்காடு தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறியபோதும் கணவாய் வழியே வந்த தமிழ்நூல் ஒன்று இங்கு வழிபாட்டு நூலாகவே நிலைத்துவிட்டது.

பாரதப்புழைக் கரையை ஒட்டிய ஊர்களில் பத்திரகாளி கோயில்களின் எதிரே கூத்துமாடம் எனப்படும் நிலையான கட்டடம் அமைந்திருக்கும். தேவியின் சன்னிதியை நோக்கியவாறு இது கட்டப்படும். 42 அடி நீளம் என்பது மரபு. இதன் முகப்பில் திரை கட்டி, பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்குகளை ஏற்றி, தோலில் வெட்டிய பாவைகளின் நிழலை விழச்செய்து இராமகதையை நடத்துவர். இதுவே தோல்பாவைக்கூத்து. கோயிலிலிருந்து கொண்டுவரும் விளக்கினாலேயே கூத்துமாட விளக்குகள் ஏற்றப்படும். சனவரி முதல் மே வரையிலான பருவத்தில், கோயிலின் வழக்கத்திற்கேற்ப 7, 14, 21, 41, 71 எனப் பல இரவுகள் தொடர்ந்து இது நிகழும்.

தாரிகனோடு போர் புரிந்துகொண்டிருந்தமையால் இராம இராவணப் போரைக் காணும் வாய்ப்பைப் பத்திரகாளி இழந்தாள் என்றும், அக்குறை தீரவே ஆண்டுதோறும் அவள் முன் இக்கதை நடத்தப்படுகிறது என்றும் மக்கள் கூறுவர். எனவே கூத்தின் முதற் பார்வையாளர் தேவியே. நள்ளிரவுக்குப் பின் கூத்துமாடத்தின் முன்னுள்ள திடலில் ஒருவரும் இல்லாதிருத்தல் உண்டு, கூத்து நில்லாது. இந்த நிலையை நேரில் கண்டு விரிவாக ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1996இல் வெளியான தம் நூலில், புறத்தே கேட்போர் இல்லாதபோது கூத்தாடிகள் தமக்குள் உரையாடும் உரையாடலே கூத்தின் உயிராக அமைவதை எடுத்துக்காட்டினார்.

கூத்தில் ஓதப்படும் பாடல்களிற் பெரும்பாலன கம்பருடையவை; பாட வேறுபாடுகளும் இடைச்செருகல்களும் உண்டு. இப்பாடல்களை மனனம் செய்து பொருள் விரிப்போர் புலவர் எனப்படுவர். பாடல் தமிழ், அதன் விரிவுரை தமிழும் மலையாளமும் வடமொழியும் கலந்த ஒரு தனி நடை. கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கலையைக் கோயிலுக்கு வெளியே அறியச் செய்தவர்களுள் முதன்மையானவர். அவர் மகன் இராமச்சந்திரப் புலவருக்கு 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

விரிவுரையின் அமைப்பு நோக்கத்தக்கது. ஒரு பாவையின் சார்பில் ஒரு புலவர் பாடலைப் பாடிப் பொருள் கூறுவார். மற்றொரு பாவையின் சார்பில் இன்னொருவர் வினவுவார், ஐயுறுவார், மறுப்பார், தொடர்ந்து சொல்லத் தூண்டுவார். கூத்தின் தொடக்கத்தில் பட்டர் பாவைகள் தோன்றி உரையாடும் பகுதியும் இத்தன்மையதே. ஏட்டில் ஒருவர் கூற்றாக அமைந்த பாடல் கூத்துமாடத்தில் இருவர் உரையாடலாக மாறிவிடுகிறது. உரையாசிரியர்கள் ஏட்டில் தடையும் விடையுமாக எழுதிய முறை இங்கு வாய்மொழியாக வாழ்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. ஏட்டில் தடை எழுப்புவோன் உரையாசிரியரின் கற்பனை. கூத்துமாடத்திலோ அவர் அருகிலேயே அமர்ந்திருப்பவர். அவர் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஓகார வினா

இங்கு மொழி பற்றிய ஒரு செய்தியைக் கூறாது செல்லுதல் இயலாது. தமிழில் வினாப்பொருள் தரும் இடைச்சொற்களுள் ஆ, ஏ, ஓ என்பன சொல்லின் ஈற்றில் வரும். ஓகாரத்திற்குப் பிரிநிலை, வினா, எதிர்மறை, ஒழியிசை, தெரிநிலை, சிறப்பு என ஆறு பொருள் கூறினார் தொல்காப்பியர். நன்னூலார் கழிவையும் அசைநிலையையும் சேர்த்து எட்டாக்கினார். பழந்தமிழ்ச் செய்யுளில் வினா ஓகாரம் பெருவழக்கு. அசோகவனத்தை அழித்துப் பிணிப்புண்டு நின்ற அனுமனைப் பார்த்து, நீ திருமாலோ, இந்திரனோ, சிவனோ என்ற பொருள்பட இராவணன் அடுக்கிக் கேட்கும் பாடல் கம்பரின் ஓகார வினாவுக்குச் சிறந்த சான்று. துயில் எழுந்த கும்பகருணன், போர் மூண்டுவிட்டதோ, சீதையின் துயர் இன்னும் தீரவில்லையோ என அண்ணனை அடுக்கி வினவும் இடமும் அத்தகையதே.

இன்றைய தமிழ்ப் பேச்சில் வினாவுக்கு ஆகாரமே வருகிறது. வந்தானா, உண்டாயா என்கிறோம். வந்தானோ என்றால் அது வினா அன்று. ஐயமோ கவலையோ கலந்த தற்பேச்சாகிவிடுகிறது. மலையாளத்திலோ வினாவுக்கு உரிய ஈறு இன்றும் ஓகாரமே. வந்நோ, கண்டோ, உண்டோ என்றே கேட்பர். ஆகவே கம்பரின் ஓகார வினாவைத் தமிழகத்து வாசகன் இலக்கண அறிவின் துணைகொண்டு வினா என உணர, பாலக்காட்டு ஊர்ப்புறத்தான் தன் வீட்டு மொழியின் துணைகொண்டே உணர்கிறான். பாடலின் பிற சொற்கள் அவனுக்கு விளங்காதிருக்கலாம். ஏதோ கேட்கப்படுகிறது என்பது மட்டும் அவன் செவிக்கு உடனே எட்டும். கம்பர் பாடல் இந்நிலத்தில் இத்துணைக் காலம் நின்றமைக்கு இது ஒன்றே காரணம் என்று கூறுதல் மிகையாகும். எனினும் உரையாடலாக நிகழும் ஒரு கலைக்கு வினாவின் ஈறு பொதுவாக அமைந்தது ஒரு வாய்ப்பு எனக் கொள்வதில் தவறில்லை.

வாலியின் வினா

கம்பராமாயணத்தில் வினாக்கள் பல பயன் கருதி வருகின்றன. வீடணன் அடைக்கலம் வேண்டி வந்தபோது, ஏற்றுக்கொள்ளத் தகுமோ என்று இராமன் ஒவ்வொருவரையும் கேட்பது அவர் அறிவைத் தான் கோடல். முதற்சந்திப்பில் அனுமன் இராம இலக்குவரை யார் என வினவுவது அறியா வினா. இறைவன் எங்கே உளன் என்று இரணியன் மகனை வினவுவது எள்ளல். அவ்வினாவுக்கு இறுதி விடை சொல்லால் வரவில்லை, தூண் பிளந்து வந்தது. இவையெல்லாம் வகைப்படுத்த எளியவை. வாலியின் வினா அத்தகையது அன்று.

மறைந்து நின்று எய்யப்பட்ட அம்பைப் பற்றி நிறுத்தி, அதில் பொறித்த பெயரைக் கண்டு வாலி நகைக்கிறான். பின் எதிரே வந்து நின்ற இராமனை நோக்கி வினாக்களை அடுக்குகிறான். குலத்தின் பெருமை என்னாயிற்று, பரதனுக்கு முன் பிறந்தவன் செய்யத் தகுவது இதுவா, இராவணன் தீங்கிழைத்ததற்குக் குரங்கரசனைக் கொல்வதா என்பன அவற்றின் சாரம். வாலி இவற்றுக்கு விடை அறியாதவன் அல்லன். இராமன் யார் என்பதை அறிந்தமையாலேயே கேட்கிறான். கேட்கப்படுபவன் அறத்தின் வடிவம் எனில் அவனுக்கே அவன் செயலின் மெய்யைக் காட்டுதல் வேண்டும் என்பதே அவ்வினாக்களின் நோக்கம்.

தம்பியை விரட்டி அவன் மனைவியைக் கவர்ந்தமையை இராமன் குற்றமாக எடுத்துரைக்கிறான். மணமுறை விலங்குகளுக்கு இல்லையே என வாலி மறுக்கிறான். அறத்தை இவ்வளவு நுட்பமாகப் பேச வல்லவன் தன்னை விலங்கு எனக் கூறுதல் பொருந்துமா என்ற கருத்தில் இராமன் எதிர்வினா எழுப்பி, இறைவனை அழைத்த யானையையும் சீதைக்காக உயிர் துறந்த சடாயுவையும் சான்று காட்டுகிறான். தொல்காப்பியர் கூறிய, வினாவே விடையாகும் அமைதி இங்கு முழு வலிமையோடு நிற்கிறது. வாலியும் இதனை ஏற்கிறான். ஆனால் ஒரு வினாவை அவன் விடவில்லை. அவை யாவும் ஒக்கும். நேர் நின்று பொராமல் வேடனைப்போல மறைந்து நின்று எய்தது ஏன்?

இவ்வினாவுக்கு இராமன் விடை கூறவில்லை. விடை கூறுபவன் இலக்குவன். சுக்கிரீவன் முன்னரே அடைக்கலம் புகுந்தான். நேரில் வந்திருப்பின் நீயும் அடைக்கலம் புகுந்திருப்பாய். அதனால் மறைந்து எய்தான் என்பது அவன் கூற்று. வாலி அமைதியடைகிறான், மகன் அங்கதனை இராமனிடம் ஒப்படைக்கிறான், சுக்கிரீவன் பிழை செய்யினும் அவன்மேல் அம்பு எய்யற்க என்று வேண்டுகிறான். இலக்குவனது விடை நிறைவானதா என்பது பற்றித் தமிழறிஞர் உலகில் நெடுநாளாக வழக்கு உண்டு. பட்டிமன்றங்கள் இப்பொருளால் வாழ்ந்தன என்றே கூறலாம். விடையின் தகுதியைக் காட்டிலும், விடை கூறியவர் மாறியதே கம்பரின் கருத்தை உணர்த்துவது என்பது இக்கட்டுரையாளர் துணிபு. மெய் அவற்குக் காட்டல் என்னும் வினா தன் பணியை முடித்துவிட்டது. மெய் காட்டப்பட்டவன் மறுக்கவில்லை. மௌனத்தை உடன்பாடு எனக் கொள்வதா, விடை சொல்லத் தகாத இடம் எனக் கொள்வதா என்பதைக் கவிஞர் நமக்கே விட்டார்.

கூத்துமாடத்தில் பொதுவாக ஓதப்படும் கதைப்பகுதி பஞ்சவடியில் தொடங்கி முடிசூட்டு விழாவரை செல்வது. அங்குக் கம்பரில் இல்லாத ஒரு நிகழ்ச்சி தொடக்கத்திலேயே வருகிறது. சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் தவம் செய்துகொண்டிருக்க, அறியாமல் இலக்குவன் அவனைக் கொன்றுவிடுகிறான். சமண இராமாயணங்களிலும் இதனை ஒத்த கதை உண்டு. விமலசூரியின் பௌமசரியம் சான்று. இதன் விளைவு யாது எனில், பஞ்சவடிக்கு வரும் சூர்ப்பணகை காமத்தால் வந்தவள் மட்டும் அல்லள். மகனை இழந்த தாயும் ஆவாள். இராமகதை முழுவதன்மேலும் அவள் சார்பில் ஒரு வினா தொங்கி நிற்கிறது. கம்பர் கிட்கிந்தையில் வைத்த வினாவைப் பாலக்காட்டுப் புலவர்கள் கதையின் வாயிலிலேயே வைத்துவிட்டனர். அதனைக் கேட்டு அமர்ந்திருப்பவள், அரக்கனைக் கொன்றவளும் பெண்ணும் ஆகிய தேவி. இந்த அமைப்பைத் தற்செயல் என்று ஒதுக்குவதற்கு மனம் ஒருப்படவில்லை.

அண்மைக் காலத்தில் விழாக்களுக்கும் பள்ளிகளுக்கும் ஏற்ப ஒரு மணி நேர அளவில் சுருக்கிய கூத்து மேடையேறுகிறது. கலை பிழைத்திருக்க அது உதவுகிறது என்பதை மறுக்க இயலாது. ஆனால் சுருக்கத்தில் நிற்பன மானின் ஓட்டமும் போர்க்காட்சிகளும்; உதிர்வது புலவர் இருவரின் தடையும் விடையும். பாவைகளை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கலாம், பாடல்களை அச்சிடலாம். வினாவை எழுப்பும் முறை இரவு முழுதும் உடனிருந்து கற்பவனுக்கே வாய்க்கும்.

வண்ணாத்திப்பாறைக் கோட்டம்

கணவாயிலிருந்து தெற்கே, ஆனைமலைத் தொடரையும் உயர்மலைத் தேயிலைத் தோட்டங்களையும் கடந்தால் பெரியாற்றின் மலைப்பகுதி வரும். 1972 சனவரி 26 அன்று உருவான இடுக்கி மாவட்டத்தின் கிழக்கெல்லையும் தமிழகத்தின் தேனி மாவட்டமும் சந்திக்கும் மலைமுகட்டில், குமுளிக்கு அருகே, வண்ணாத்திப்பாறையில் மங்கலதேவி கோயில் சிதைந்த கற்றளியாக நிற்கிறது. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1960களில் இதனைச் சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோட்டம் என அடையாளம் காட்டினார். இக்கருத்தை ஏற்போரும் மறுப்போரும் ஆய்வாளரிடையே உளர். ஏற்போர் காட்டும் சான்றுகளுள் ஒன்று, சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதையில் மங்கல மடந்தை கோட்டம் என்னும் பெயர் வருதல். ஆய்வு முடிபு எவ்வாறாயினும், சித்திரை முழுநிலவு நாளில் கூடலூர்ப் பக்கம் பளியன்குடி வழியே நடந்தும், குமுளியிலிருந்து வண்டிகளிலும் மலையேறும் மக்களுக்கு அது கண்ணகியின் கோயிலே. ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டுமே பொதுமக்கள் செல்ல இசைவு உண்டு. இரு மாநில அலுவலரும் கூடி ஏற்பாடு செய்வர்.

பாலக்காட்டிற்போல நூல் இங்கு ஓதப்படுவதில்லை. கோயிலே நூலின் சான்றாக நிற்கிறது. அந்நூலோ வினாக்களால் நெய்யப்பட்டது. ஊர்சூழ் வரியில் கண்ணகி கேட்கும் வினாக்கள் மதுரை முழுவதையும் நோக்கியவை. இவ்வூரில் பெண்டிர் உண்டோ, சான்றோர் உண்டோ, தெய்வம் உண்டோ என்னும் பொருளின அவை. உண்டு என எவரும் விடை கூறலாம்; ஆனால் கோவலன் கொலையுண்டு கிடக்கையில் உண்டு என்னும் விடையே குற்ற ஒப்புதல் ஆகிவிடும். எதிர்மறைப் பொருளும் வினாப்பொருளும் பிரிக்க இயலாதவாறு ஒன்றியிருக்கும் இடம் இது. நன்னூல் வகைகளை இங்குப் பொருத்திக் காட்டுமாறு மாணவரைக் கேட்கும் வினாத்தாள்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் இடர்ப்படுவது அவர்தம் குறையன்று.

வழக்குரை காதையில் வினா முதலில் அரசனிடமிருந்து வருகிறது. கண்ணீரோடு நிற்கும் இவள் யார் என்பது அவன் கேட்கும் அறியா வினா. கண்ணகி தன் ஊரையும் கணவனையும் கூறுகிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை அன்று எனக் காவலன் சாதிக்கிறான். அவள் வினாவால் மறுக்கவில்லை. சிலம்பின் உட்பரலைச் சான்றாகக் கூறுகிறாள். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. அப்போது பாண்டியன் தான் அரசன்தானா எனத் தன்னையே வினவி, கள்வன் தானே என விடையும் தானே கூறி உயிர் துறக்கிறான். இதனினும் மேலாக மெய் அவற்குக் காட்டல் நிகழ்ந்த இடம் தமிழில் இல்லை. வினாவை எழுப்பியவள் ஒருத்தி. அதனைத் தன் வாயால் முடித்தவன் கேட்கப்பட்டவன். வாலியின் வினாவுக்கு விடை கூறப் பிறர் வர வேண்டியிருந்தது. பாண்டியனுக்கு அத்தகைய துணை இல்லை. அவன் தேடவும் இல்லை.

மதுரையை நீங்கி வையைக் கரைவழியே நடந்து மலையேறிய கண்ணகி வேங்கை மர நிழலில் நிற்கிறாள். குன்றக் குறவர் அவளை யார் என வினவுகின்றனர். பாண்டியன் கேட்ட அதே வினா. ஆனால் அரசவையில் ஊரும் குலமும் கணவன் பெயரும் தன் பெயரும் கூறி விடையளித்தவள் இங்குப் பெயர் கூறவில்லை. மதுரையோடு அரசு கேடுறக் கணவனை இழந்தவள் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறாள். ஒரே வினா ஓரிடத்தில் வழக்காகவும் மற்றோரிடத்தில் வழிபாடாகவும் முடிவதை இளங்கோவடிகள் இவ்வாறு அமைத்தார். பெயர் அறியாமலேயே குறவர் அவளைத் தெய்வமாகக் கொண்டு குரவை ஆடினர்.

பின்னர்ப் பெரியாற்றங்கரையில் மலைவளம் காண வந்திருந்த செங்குட்டுவனுக்குக் குறவர் தாம் கண்டதைக் கூற, மதுரையில் நிகழ்ந்ததைச் சாத்தனார் உரைத்தார். அது கேட்ட அரசன் தேவி வேண்மாளிடம் ஒரு வினா வைத்தான். கணவன் இறந்த அக்கணமே உயிர்நீத்த பாண்டிமாதேவி, சினத்தோடு நம் நாட்டை அடைந்த இவள், இவ்விருவருள் வியக்கத்தக்கவள் யார்? தெரிந்து கூறுமாறு கேட்கும் இவ்வினா, அறிவைத் தான் கோடலின்பாற்படும். முன்னவள் வானகத்துச் சிறப்பைப் பெறுக. நம் நாட்டை அடைந்த பத்தினிக் கடவுளை வழிபடுதல் வேண்டும் என்பது அரசி கூறிய விடை. இமயத்துக் கல் கொணர்ந்ததும் கோட்டம் எழுந்ததும் இந்த விடையின் பின்னர் நிகழ்ந்தவை.

நீதியை நேருக்கு நேர் கேட்டு நின்றவளையே அரசி தேர்ந்தாள் என்பது இங்கு உற்றுநோக்கத்தக்கது. துயரைத் தாங்காது மடிந்த கற்புக்கு அவள் வானத்தைக் கொடுத்தாள். வினா எழுப்பிய கற்புக்கே மண்ணில் கோயில் கொடுத்தாள்.